கெர்னலில் டிஸ்க் வாசிப்புகளைத் தொகுத்து அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு மெகாபைட் கோப்பு ஒன்றை ஒரு நிரல் 4 கிலோபைட், 4 கிலோபைட்டாக வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு 256 அழைப்புகள் வருகின்றன. அவற்றை வந்தபடியே டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டால் 256 கட்டளைகள். இதே கோப்பைப் பதினொரு கட்டளைகளில் வாசித்து முடிக்கலாம். நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். அதை எப்படிச் செய்வது என்பதைக் கெர்னல் எழுதுபவரின் இடத்திலிருந்து படிப்படியாகப் பார்ப்போம். சொந்தமாகச் சிறு கெர்னல் எழுதிப் பழகுபவர்களையும், லினக்ஸில் டிஸ்க் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் லேயரைப் படிக்கத் தொடங்கியிருப்பவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் செலவு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவினாடி ஆகிறது. வேண்டிய செக்டர் (தட்டில் தரவு இருக்கும் சிறு துண்டு) தலைக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக அதில் பாதி, அதாவது 4.17 மில்லிவினாடி. தலை வேறு தடத்துக்கு நகர இன்னும் 8 அல்லது 9. ஆகச் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு வாசிப்புக்கும் 12, 13 மில்லிவினாடி போய்விடும். வினாடிக்கு எண்பது வாசிப்புதான் தேறும். 4 கிலோபைட் வீதம் அது வெறும் 320 கிலோபைட். அதே தட்டைத் தொடர்ச்சியாக வாசித்தால் வினாடிக்கு 150 மெகாபைட் சாதாரணமாகக் கிடைக்கும்.

எஸ்எஸ்டியில் நகரும் தலை இல்லை. ஆனாலும் ஒரு 4 கிலோபைட் வாசிப்புக்குச் சுமார் 100 மைக்ரோவினாடி ஆகும். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று போனால் வினாடிக்குப் பத்தாயிரம் வாசிப்பு, அதாவது 40 மெகாபைட்தான். உள்ளே பல சிப்புகள் ஒரே நேரத்தில் வேலை செய்யக் காத்திருக்க, நாம் ஒன்றை மட்டும் எழுப்பிக்கொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு ஒவ்வொரு கட்டளைக்கும் நினைவக ஒதுக்கீடு, லாக் (ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் போடும் பூட்டு), டிஎம்ஏ மேப்பிங் (சாதனம் நினைவகத்தை நேரடியாக அணுக வழிசெய்வது), இன்டரப்ட் (வேலை முடிந்ததும் சாதனம் சிபியுவுக்குக் கொடுக்கும் சமிக்ஞை) என்று சிபியுவின் நேரமும் கரைகிறது.

எனவே தொகுப்பது என்பதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. அடுத்தடுத்த செக்டர்களை ஒரே கட்டளையாக இணைப்பது ஒன்று. இணைக்க முடியாதவற்றை நல்ல வரிசையில் அடுக்குவது இன்னொன்று. பல கட்டளைகளைச் சாதனத்திடம் ஒரே மூச்சில் ஒப்படைப்பது மூன்றாவது. வன்தட்டுக்கு முதல் இரண்டும், என்விஎம்இ என்ற வேக இணைப்பு முறையில் இயங்கும் எஸ்எஸ்டிக்கு முதலாவதும் மூன்றாவதும் முக்கியம். இவற்றைக் குழப்பிக்கொண்டுதான் பலரும் தவறான இடத்தில் உழைப்பைக் கொட்டுகிறார்கள்.

எழுத்து வேறு, வாசிப்பு வேறு

நிரல் எழுதும்போது, கோப்புத் தரவை 4 கிலோபைட் பக்கங்களாக நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேஷில் தரவு விழுந்ததும் அது தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். கெர்னல் சில வினாடிகள் கழித்துச் சாவகாசமாகத் தொகுத்து எழுதலாம். வாசிப்பில் அந்த வசதி கிடையாது. கேட்ட த்ரெட் (நிரலின் ஓட்ட இழை) பதில் வரும்வரை தூங்கிக்கொண்டிருக்கும். "இன்னும் நாலு கோரிக்கை வரட்டும், சேர்த்து அனுப்பலாம்" என்று தாமதித்தால், அந்த நாலில் ஒன்றை அனுப்ப வேண்டிய த்ரெட்டே நம் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறது. கடிகாரம் வைத்துக் காத்திருந்து வாசிப்பைத் தொகுக்காதீர்கள். கெர்னலுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சேர்த்து அனுப்புங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரே முடிவிலிருந்து பிறந்தவை.

படி 1: தொகுப்பை மேல்மட்டத்திலேயே உருவாக்குங்கள்

கோப்பு வாசிப்பு முதலில் பேஜ் கேஷுக்கு வருகிறது. எந்தக் கோப்பு, எந்த இடம், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அங்கே முழுதாகத் தெரியும். பக்கம் பக்கமாக உடைத்துக் கீழே அனுப்பிவிட்டு, சாதனத்தை இயக்கும் டிரைவருக்குப் பக்கத்தில் மறுபடி ஒட்டவைப்பது வீண் உழைப்பு. லினக்ஸ் 2.4 காலத்தில் நடந்தது அதுதான்: பெரிய வாசிப்பையும் பஃபர் ஹெட் என்ற சிறு துண்டுகளாக நறுக்கி, பிறகு வரிசையில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2003 டிசம்பரில் வந்த 2.6-இல் பயோ என்ற அமைப்பு அந்த இடத்தைப் பிடித்தது.

உங்கள் கெர்னலிலும் அப்படி ஒன்று வேண்டும். அதில் தொடக்க செக்டர், வாசிப்பா எழுத்தா என்ற குறி, பக்கங்களின் பட்டியல், முடிந்ததும் அழைக்க வேண்டிய ஃபங்ஷன் ஆகிய நான்கும் இருந்தால் போதும். பட்டியலின் ஒவ்வொரு உறுப்பிலும் பக்கம், அதற்குள் தொடக்கம், நீளம் என மூன்று தகவல்கள் இருக்கும். டிஸ்க்கில் செக்டர்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். நினைவகத்தில் பக்கங்கள் எங்கு வேண்டுமானாலும் சிதறியிருக்கலாம். டிஎம்ஏ கன்ட்ரோலர் அவற்றைத் தேடிப்போய் நிரப்பிக்கொள்ளும்.

படி 2: கேட்பதற்கு முன்பே வாசித்து வையுங்கள்

வாசிப்பைத் தொகுப்பதில் கிடைக்கும் லாபத்தின் பெரும்பகுதி ரீட்அஹெட்டில், அதாவது முன்வாசிப்பில், இருக்கிறது. உங்களிடம் நேரம் குறைவு, ஒன்றை மட்டும் உருப்படியாகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சாளரம், அதாவது முன்கூட்டி வாசிக்கும் பக்கங்களின் எல்லை, வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, எத்தனை பக்கம் நீளம், அதில் எத்தனை பக்கம் மிச்சமிருக்கும்போது அடுத்த சாளரத்தைத் தொடங்க வேண்டும் என்ற மூன்று எண்கள் போதும். லினக்ஸில் உச்சவரம்பு இயல்பாக 128 கிலோபைட், அதாவது 4 கிலோபைட் பக்கங்கள் 32. நம் ஒரு மெகாபைட் கோப்பை வைத்து இதை நடத்திப் பார்ப்போம்.

நிரல் பக்கம் 0-ஐக் கேட்கிறது. கேஷில் இல்லை. கேட்டது கோப்பின் தொடக்கம் என்பதால் தொடர்ந்து வாசிக்கப் போகிறார்கள் என்று நம்பி 0 முதல் 3 வரை நாலு பக்கங்களுக்கு ஒரே கோரிக்கை போடுகிறோம். பக்கம் 1-இல் ஒரு அடையாளம் வைக்கிறோம். நிரல் பக்கம் 1-ஐத் தொடும்போது அது கேஷில் தயாராக இருக்கிறது. அடையாளத்தைப் பார்த்த கெர்னல், யாரையும் காக்கவைக்காமல் 4 முதல் 11 வரை எட்டுப் பக்கங்களை வரவழைக்கத் தொடங்குகிறது. அடையாளம் பக்கம் 4-க்கு நகர்கிறது. அதைத் தொட்டதும் 12 முதல் 27 வரை பதினாறு. பிறகு 28 முதல் 59 வரை முப்பத்திரண்டு. உச்சவரம்பு வந்துவிட்டதால் அதற்குமேல் 32, 32 ஆகவே போகும். கடைசியில் 252 முதல் 255 வரை மிஞ்சும் நாலு பக்கங்களுக்கு ஒன்று. கூட்டிப் பார்த்தால் மொத்தம் பதினொரு கோரிக்கைகள். நிரலின் வேகத்துக்கு டிஸ்க் ஈடுகொடுத்தால், அது தூங்குவது முதல் கோரிக்கைக்கு மட்டும்தான்.

ஏன் முதலிலேயே 32 பக்கம் கேட்கக் கூடாது? இரண்டு காரணங்கள். ஒரு கோரிக்கை முழுதாக முடிந்தபிறகே அதிலுள்ள பக்கங்கள் விடுவிக்கப்படுகின்றன. தொகுப்பு பெரிதானால் முதல் பக்கத்துக்காகக் காத்திருப்பவருக்குத் தாமதமும் கூடும். அதோடு, பல நிரல்கள் கோப்பின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும். சாளரம் படிப்படியாக இரட்டிப்பாவது, நம்பிக்கை வளர வளரப் பந்தயத்தைக் கூட்டுவதற்காக.

அடையாளத்தைப் பக்கத்தின் மேலேயே வைப்பதுதான் இந்த வடிவமைப்பின் அழகு. 2007-இல் லினக்ஸ் 2.6.23-இல் வந்த முறை இது. வூ ஃபெங்குவாங் எழுதியது. ஒவ்வொரு வாசிப்பிலும் சாளரக் கணக்குப் போட வேண்டியதில்லை. கேஷில் இல்லாத பக்கம் அல்லது அடையாளமிட்ட பக்கம் வரும்போது மட்டும் கணக்குப் பார்த்தால் போதும்.

வாசிப்பு வரிசை தப்பியதும் சாளரத்தை உடனே விட்டுவிடுங்கள். தாவித் தாவிப் படிக்கும் தரவுத்தள நிரலுக்கு 128 கிலோபைட்டை முன்கூட்டி வாசித்தால் டிஸ்க்கும் வீண், நினைவகமும் வீண். கேட்டதை மட்டும் வாசியுங்கள். நிரலே குறிப்புக் கொடுக்கவும் வழி இருக்கட்டும். பாசிக்ஸ் தரத்திலுள்ள ஃபேட்வைஸ் அழைப்பு அதற்குத்தான்: 'தொடர்ச்சியாக வாசிப்பேன்' என்று சொன்னால் லினக்ஸ் சாளரத்தின் உச்சத்தை இரட்டிப்பாக்குகிறது, 'தாவி வாசிப்பேன்' என்றால் முன்வாசிப்பை நிறுத்திவிடுகிறது.

உச்சவரம்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. வன்தட்டில் இரண்டு நிரல்கள் இரண்டு பெரிய கோப்புகளை ஒரே சமயத்தில் வாசித்தால், தலை இரண்டுக்கும் நடுவே அலையும். ஒவ்வொரு 128 கிலோபைட்டுக்கும் நகர்வுக்கு 12.5 மில்லிவினாடி, உண்மையான வாசிப்புக்கு 0.85. மொத்தத்தில் வினாடிக்குச் சுமார் 9.6 மெகாபைட்தான் தேறும். சாளரத்தை 1 மெகாபைட் ஆக்கினால் வாசிப்புக்கு 6.7 மில்லிவினாடி, வேகம் 50 மெகாபைட்டைத் தாண்டும். பல பேர் ஒரே வன்தட்டிலிருந்து பெரிய கோப்புகளை எடுக்கும் சர்வர்களில் இந்த வரம்பை உயர்த்துவது நியாயமே.

படி 3: பிளாக் முகவரிகளை மொத்தமாகக் கேளுங்கள்

32 பக்கங்கள் வேண்டும் என்று முடிவானதும், அவை டிஸ்க்கில் எங்கே இருக்கின்றன என்று கோப்பு முறைமையிடம் 32 முறை கேட்காதீர்கள். "இந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தொடர்ச்சி?" என்று ஒரு முறை கேளுங்கள். ஈஎக்ஸ்டி4-இல் ஒரே எக்ஸ்டென்ட் (தொடர்ச்சியான பிளாக்குகளின் தொகுதி) 32,768 பிளாக்குகள் வரை, அதாவது 4 கிலோபைட் பிளாக் என்றால் 128 மெகாபைட் வரை நீளலாம். தொடர்ச்சி அறும் இடத்தில் கோரிக்கையை முடித்து அடுத்ததைத் தொடங்குங்கள்.

படி 4: த்ரெட்டின் கையிலேயே சேர்த்து வையுங்கள்

கோப்பு துண்டுதுண்டாக இருந்தாலோ, ஒரே அழைப்பில் பல இடங்கள் கேட்கப்பட்டாலோ, ஒரு த்ரெட்டிலிருந்து பல கோரிக்கைகள் அடுத்தடுத்து பிறக்கும். லினக்ஸில் இவற்றைத் தேக்கி வைக்கும் ஏற்பாட்டுக்குப் பிளக் என்று பெயர். அதன் வரலாறு நம் விஷயத்துக்கு நேரடிச் சான்று.

முன்பு பிளக் டிஸ்க்கின் வரிசையில் இருந்தது. காலியான வரிசைக்கு முதல் கோரிக்கை வந்ததும் அடைத்துவிடுவார்கள். நாலு கோரிக்கை சேர்ந்தால் அல்லது 3 மில்லிவினாடி கடந்தால் திறக்கும். அடைப்பதற்கும் திறப்பதற்கும் எல்லா த்ரெட்டும் ஒரே லாக்குக்கு முட்டிமோத வேண்டும். 2011-இல், 2.6.39 கெர்னலில் யென்ஸ் ஆக்ஸ்போ அதை நீக்கிவிட்டு, ஒவ்வொரு த்ரெட்டும் தன் ஸ்டாக்கிலேயே பட்டியல் வைத்துக்கொள்ளும்படி மாற்றினார். டைமர் போய்விட்டது. "நான் அனுப்பத் தொடங்குகிறேன்", "முடித்துவிட்டேன்" என்று த்ரெட்டே அறிவிக்கிறது. வேறு யாரும் தொடாத பட்டியல் என்பதால் லாக்கே தேவையில்லை.

அதன் சாரம் இவ்வளவுதான்:

```
பட்டியலில்_சேர்(த்ரெட், புதிது):
    பட்டியல் = த்ரெட்.பட்டியல்
    பட்டியல் இல்லையென்றால்:
        வரிசைக்கு_அனுப்பு(புதிது)
        திரும்பு
    கடைசி = பட்டியல்.கடைசி_கோரிக்கை
    ஒட்டலாமா(கடைசி, புதிது) என்றால்:
        கடைசி.பக்கங்கள் += புதிது.பக்கங்கள்
        திரும்பு
    பட்டியல்.எண்ணிக்கை >= 32 என்றால்:
        எல்லாவற்றையும்_அனுப்பு(பட்டியல்)
    பட்டியல்.சேர்(புதிது)
```

'ஒட்டலாமா' என்ற சோதனையில் கவனம் தேவை. முதலில், கடைசிக் கோரிக்கை என்று ஒன்று இருக்க வேண்டும். இரண்டும் ஒரே டிஸ்க்கா, இரண்டும் வாசிப்பா, ஒன்று முடியும் செக்டரில் மற்றது தொடங்குகிறதா, கூட்டு நீளம் சாதனத்தின் வரம்புக்குள் அடங்குகிறதா, பக்கத் துண்டுகளின் எண்ணிக்கையை டிஎம்ஏ தாங்குமா என்று ஐந்தும் பார்க்க வேண்டும். கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் சோதனையின்போது எதுவும் தெரியாது. பாரம் கூடும் நாளில் டிரைவர் கட்டளையை நிராகரிக்கும்போதுதான் வெளியே வரும்.

இந்தப் பட்டியலில் ஒரு பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது. த்ரெட் மூன்று கோரிக்கைகளைக் கையில் வைத்திருக்கிறது. நாலாவதை உருவாக்க நினைவகம் கேட்கிறது. கிடைக்கவில்லை, தூங்கப் போகிறது. அல்லது, கையிலிருக்கும் கோரிக்கை நிரப்ப வேண்டிய அதே பக்கத்தின் லாக்குக்காகக் காத்திருக்கிறது. அந்தக் கோரிக்கையோ இன்னும் டிஸ்க்குக்கே போகவில்லை. த்ரெட் தன்னையே எதிர்பார்த்து நிரந்தரமாக உறங்கிவிடும். தீர்வு, எந்த த்ரெட் ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலரில் இருக்கிறது: ஒரு த்ரெட் தூங்கப் போகுமுன் அதன் பட்டியலில் என்ன இருந்தாலும் அனுப்பிவிட வேண்டும். லினக்ஸ் இதைத்தான் செய்கிறது. த்ரெட் தானாகத் தூங்கும்போதுதான் இது தேவை. வேறு த்ரெட்டுக்கு இடம் கொடுக்க அதைப் பாதியில் இறக்கிவிட்டால் அனுப்ப வேண்டியதில்லை. அது ஓடத் தயாராகத்தான் இருக்கிறது, திரும்பி வந்து தொடரும்.

வாசிப்பைத் தொகுக்க இதைவிடப் பொருத்தமான எல்லை வேறெதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. தூங்கப் போகும் கணம்வரை சேர்ப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தக் கணத்துக்குப் பிறகு சேர்க்க அந்த த்ரெட்டிடம் எதுவும் இல்லை.

நிரலே பல வாசிப்புகளை ஒரே அழைப்பில் கொடுத்தால் இன்னும் நல்லது. 2019-இல் 5.1 கெர்னலில் வந்த ஐஓ யூரிங் அதற்கான வழி. மொத்தமாக வரும் கோரிக்கைகளைச் சுற்றிக் கெர்னல் இதே பிளக்கைப் போட்டுக்கொள்கிறது.

படி 5: வெவ்வேறு த்ரெட்டுகளின் கோரிக்கைகளை அடுக்குங்கள்

வன்தட்டு என்றால் மட்டும் இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். கோரிக்கைகளை செக்டர் எண்படி ஒரு சிவப்பு-கருப்பு மரத்தில் (எப்போதும் வரிசை குலையாத தரவு அமைப்பு) வைத்து, ஒரே திசையில் நகர்ந்தபடி எடுத்து அனுப்ப வேண்டும். அருகிலிருப்பதை மட்டுமே தேடித் தேடி எடுக்கும் முறையைத் தவிர்த்துவிடுங்கள்; ஒரு மூலையில் வேலை குவிந்தால் மறுமூலையில் இருப்பவர் பட்டினி கிடப்பார்.

ஒரே திசை முறையிலும் தாமதம் எல்லை மீறலாம். எனவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் கெடு வையுங்கள். லினக்ஸின் எம்க்யூ-டெட்லைன் என்ற டிஸ்க் ஷெட்யூலரில் (எந்தக் கோரிக்கை முதலில் என்று முடிவுசெய்யும் பகுதி) வாசிப்புக்குக் கெடு 500 மில்லிவினாடி, எழுத்துக்கு 5 வினாடி. ஒரு மூச்சில் 16 கோரிக்கைகள் வரை வரிசைப்படி எடுத்துவிட்டு, கெடு கடந்தவை உண்டா என்று பார்க்கிறது.

காத்திருந்து பலன் கண்ட முறையும் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2.6 தொடரில் இருந்த ஆன்டிசிபேட்டரி ஷெட்யூலர், ஒரு வாசிப்பு முடிந்ததும் தலையை வேறிடத்துக்கு நகர்த்தாமல் சில மில்லிவினாடி சும்மா நிற்கும். அதே நிரல் பக்கத்து இடத்தை உடனே கேட்கும் என்ற எதிர்பார்ப்பு. 12 மில்லிவினாடி நகர்வைத் தவிர்க்கச் சில மில்லிவினாடி காத்திருப்பது லாபம்தான். ஆனால் கவனியுங்கள், அது அந்த நிரலின் கோரிக்கையைத் தாமதப்படுத்திச் சேர்க்கவில்லை. அதை அனுப்பி முடித்த பிறகே நிற்கிறது; அந்த நேரத்தில் காத்திருப்பவை மற்ற நிரல்களின் கோரிக்கைகள்தான். 2010-இல் 2.6.33-இல் அது நீக்கப்பட்டது. என்விஎம்இயில் இப்படி நிற்பதற்குக் காரணமே இல்லை. அங்கே லினக்ஸ் வழக்கமாக ஷெட்யூலரே வைப்பதில்லை.

படி 6: சாதனத்தின் மணியை ஒரே முறை அடியுங்கள்

என்விஎம்இயில் கட்டளை ஒவ்வொன்றும் 64 பைட். டிரைவர் அதை நினைவகத்திலுள்ள வட்ட வரிசையில் எழுதிவிட்டு, வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்பதை சாதனத்திலுள்ள டோர்பெல் (அழைப்பு மணி) ரெஜிஸ்டரில் எழுதும். பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே போகும் அந்த எழுத்து, நினைவகத்தில் எழுதுவதைவிடக் கூடுதல் செலவு பிடிப்பது. எட்டுக் கட்டளை இருந்தால் எட்டையும் வரிசையில் வைத்துவிட்டு டோர்பெல்லை ஒரே முறை அடியுங்கள். லினக்ஸ் டிரைவருக்கு ஒவ்வொரு கோரிக்கையோடும் 'இதுதான் கடைசியா' என்ற குறி வருகிறது. கடைசியில்தான் அது டோர்பெல்லைத் தொடுகிறது.

ஏழு கட்டளைகளை வரிசையில் வைத்தாயிற்று, எட்டாவதுக்கு இடமில்லாமல் போய்விட்டது என்று வையுங்கள். 'கடைசி' என்ற குறியோடு வர வேண்டிய கோரிக்கை வரவே இல்லை. டோர்பெல் அடிக்கப்படவில்லை. ஏழும் சாதனத்துக்குத் தெரியாமல் கிடக்கும், கேட்டவர்கள் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். பாதியில் நிற்கும்போது "இதுவரை வைத்ததை ஒப்படை" என்று சொல்லும் தனி ஃபங்ஷன் டிரைவரில் கட்டாயம் வேண்டும். லினக்ஸிலும் இதற்கென்றே ஒன்று இருக்கிறது.

வரிசைகளைப் பொறுத்தவரை, ஏஎச்சிஐ என்ற பழைய இணைப்பு முறையில் இயங்கும் சாட்டா டிஸ்க்கில் ஒரே வரிசை, 32 கட்டளைகள். என்விஎம்இயின் வரையறை 65,535 வரிசைகள் வரை இடம் தருகிறது. சிபியுவுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் லாக் சண்டை போய்விடும். 2014 ஜனவரியில் வந்த 3.13 கெர்னலின் பிஎல்கே-எம்க்யூ என்ற பல-வரிசை பிளாக் லேயர் இதற்காகவே கட்டப்பட்டது.

படி 7: முடிவையும் தொகுத்தே வாங்குங்கள், பிழையை மட்டும் பிரியுங்கள்

ஒரு இன்டரப்ட் வந்தால் ஒரு பதிலை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். சாதனம் பதில்களை வைக்கும் முடிவு வரிசையில் புதிதாக இருப்பது அத்தனையும் எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு முறை மட்டும் டோர்பெல் எழுதுங்கள்.

128 கிலோபைட் தொகுப்பில் ஒரு செக்டர் கெட்டுப்போயிருந்தால் மொத்தக் கட்டளையும் தோல்வி என்று பதில் வரலாம். அப்போது 32 பக்கங்களுக்கும் பிழை சொல்லிவிடக் கூடாது. யாரும் கேட்காமல் நாமாக முன்வாசித்த பக்கங்களைத் 'தரவு இல்லை' என்ற நிலையிலேயே விட்டு லாக்கைத் திறந்துவிடுங்கள். பின்னர் யாராவது அந்தப் பக்கத்தை உண்மையிலேயே கேட்டால், அதை மட்டும் தனியாக மறுபடி வாசியுங்கள். அப்போதும் தோற்றால்தான் நிரலுக்குப் பிழை போக வேண்டும். யாரோ ஒருவர் கேட்ட நல்ல பக்கத்தை, பக்கத்து வீட்டுப் பழுதுக்காக மறுக்க நமக்கு உரிமை இல்லை.

படி 8: அளந்து பாருங்கள்

அளப்பதற்கு முன் பேஜ் கேஷைக் காலி செய்யுங்கள்; இல்லையென்றால் நினைவகத்தின் வேகத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். லினக்ஸில் ஐஓஸ்டாட் காட்டும் எண்களில் முதலில் பார்க்க வேண்டியது வாசிப்புக் கோரிக்கையின் சராசரி அளவு. தொடர் வாசிப்பில் அது 128 கிலோபைட்டை ஒட்டி இருக்க வேண்டும்; 4-இல் நின்றால் படி 2 வேலை செய்யவில்லை. வினாடிக்கு எத்தனை வாசிப்புகள் இணைக்கப்பட்டன என்ற எண் குறைவாக இருந்தால் கவலை வேண்டாம். மேல்மட்டத்திலேயே பெரிய பயோவாக உருவாகிவிட்டால் கீழே இணைக்க எதுவும் மிஞ்சாது. அந்த எண் பூஜ்யமாக இருப்பது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கோரிக்கையின் பயணத்தையும் தனித்தனியே பார்க்க பிஎல்கேடிரேஸ் உதவும்: வரிசைக்கு வந்தது, இணைந்தது, சாதனத்துக்குப் போனது, முடிந்தது என்று நேரத்தோடு காட்டும்.

மொத்த வேகத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு நிரல் பெரிய கோப்பைத் தொடர்ந்து வாசிக்கட்டும். அதே டிஸ்க்கில் இன்னொன்று 4 கிலோபைட்டுகளைத் தாவித் தாவி வாசிக்கட்டும். இரண்டாவதன் நூறு வாசிப்புகளில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வன்தட்டில் 1 மெகாபைட் கோரிக்கை ஒன்றுக்குப் பின்னால் மாட்டும் சிறு வாசிப்பு, 6.7 மில்லிவினாடி கூடுதலாக நிற்கும். அப்படி நாலு முன்னால் இருந்தால் 27. சாளரத்தை உயர்த்தியதும் இந்த எண் ஏறினால், சாளரத்தை அப்படியே விட்டுவிட்டு ஒரு கட்டளையின் உச்ச நீளத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள். பெரிய வாசிப்பு பல கட்டளைகளாகப் பிரிந்து, சிறியது நடுவே நுழைய இடம் கிடைக்கும்.